கதிர் பொறுக்காத பிஞ்சை

வயிற்றைக் கீறியதும் முதலில் வந்தது புளித்த வாடை. மறந்துபோன தோசை மாவுப் பாத்திரத்தைத் திறந்தால் மூக்கில் அடிக்குமே, அதே வாடை. அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்ததைப் பார்த்தேன். மக்காச்சோளம். முழு முழு மணியாக ஊறிப் பெருத்து, கூழோடு கூழாகக் கிடந்தது.

கால்நடை டாக்டர் கையுறையோடு ஒரு கை அள்ளித் தரையில் போட்டார். இன்னொரு கை அள்ளினார். அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. கரிசல் மண்ணில் அந்த மஞ்சள் அப்படி எடுப்பாகத் தெரிந்தது.

"வெறும் சோளத்தட்டைதான் மேஞ்சுதுன்னு சொன்னீங்க?" என்றார் டாக்டர்.

அவர் கேட்டது என் வீட்டுக்காரரிடம். இவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. சும்மா பார்த்தார்.

பக்கத்தில் பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அறுத்தது அவளுடைய ஆடு. அவளைச் சுற்றிக் கிடந்ததெல்லாம் அவளுடைய ஆடுகள்தான். சில செத்து விறைத்திருந்தன. சில உயிரோடு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தன. அவள் மடியில் ஒரு சினையாட்டின் தலை இருந்தது. மண்ணில் கிடந்த சோளத்தைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நான் கேட்டேம்லா?" என்றாள்.

இவரும் படிப்பார்

போன வாரம் இந்தப் பக்கத்தில், மாட்டுத் தீனிக்காகத் தண்ணீரில் பாசி மாதிரி வளர்க்கிற எங்கள் வீட்டு அசோலாத் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த யாரோ ஒருவர் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இவரை நிறுத்தி, "அசோலா எப்படி இருக்கு சார்?" என்று கேட்டுவிட்டாராம். அதிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். பத்திரிகை வந்ததும் ராசிபலனைப் பார்த்துவிட்டு நேராக என் பக்கத்துக்குத்தான் வருவார். இந்த வாரமும் வருவார். வரட்டும், படிக்கட்டும்.

தாலி கட்டியவரைப் பத்திரிகையில் இழுக்கலாமா என்று என் தங்கச்சி போனில் கேட்டாள். இழுக்கக் கூடாதுதான். ஆனால் பேச்சியின் ஆடுகளைப் பற்றி இந்த ஊரில் வாய் திறக்க வேறு ஆளில்லை. திறந்தவர்களும் வேறு மாதிரியாகத்தான் பேசினார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற விவசாயி

இவர் ஒரு அரசாங்க ஆபீசில் நாற்காலியைத் தேய்த்து ஓய்வு பெற்றவர். என் மாமனார் வைத்துப்போன கரிசல் பிஞ்சை பனவடலிசத்திரம் பக்கம் இருக்கிறது. ஆபீசில் இருந்த காலமெல்லாம் அதை வேறு ஆளிடம் வாரத்துக்கு விட்டிருந்தோம். ஓய்வு பெற்ற மறுமாதமே, "இனிமே நானே பாத்துக்கிடுதேன்" என்று இறங்கிவிட்டார்.

இறங்கியவர் சும்மா இருந்தாரா? மொபைலில் விவசாய வீடியோ ஒன்று விடாமல் பார்த்தார். எங்களிடம் அப்போது ஒரே ஒரு கறவை மாடு. அதற்கு அசோலா வளர்த்தார். தொழுவத்தில் உப்புக்கட்டியைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். வைக்கோலில் யூரியாக் கரைசலைத் தெளித்து, தார்ப்பாயில் மூடி வைத்து, அதைத் தின்றால் பால் கூடும் என்றார். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாட்டுக்கு இருந்த துணிச்சல் எனக்கு இல்லையே என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

கேலியாகத்தான் சொல்கிறேன். ஆனால் அதில் எல்லாமே தப்பும் இல்லை. உப்புக்கட்டி வைத்த பிறகு மாடு சுவரை நக்குவதை நிறுத்தியது. மண் பரிசோதனை செய்து பார்த்தார், மண்ணில் சத்து செத்துப்போச்சு என்று சொன்னார்கள், அதுவும் உண்மைதான். மேற்கு மூலையில் எதைப் போட்டாலும் பயிர் மஞ்சளாகத்தான் வரும். இவருக்கு அது தாங்காது. அந்த மூலையைப் பார்த்துவிட்டு வந்தால் ராத்திரி சோறு இறங்காது.

அப்படித்தான் கிடை போடுகிற யோசனை வந்தது. அறுத்த நிலத்தில் ஆட்டு மந்தையை வலை கட்டி அடைத்தால், புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். பகலில் அதே நிலத்தில் கிடக்கிற தட்டையை, அதாவது காய்ந்த தண்டையும் தாளையும், ஆடு மேய்ந்துகொள்ளும். நிலத்துக்கு உரம், ஆட்டுக்குத் தீனி. ரசாயன உரம் வந்த பிறகும் கரிசல்காட்டில் இது நிற்கவில்லை.

முதலில் பெண்கள், பிறகு ஆடு

கிடைக்கு ஒரு முறை இருக்கிறது. மக்காச்சோளம் அறுத்து முடித்ததும், பக்கத்துத் தெருப் பெண்கள் சாக்கோடு வருவார்கள். சிந்திய கதிர், மெஷின் விட்டுப்போன கதிர், எல்லாவற்றையும் பொறுக்கிக்கொள்வார்கள். பொறுக்கியது அவர்களுக்குத்தான். கோழிக்குப் போடுவார்கள், வெள்ளாட்டுக்கு ஒரு பிடி வைப்பார்கள். பிஞ்சைக்காரர் கேட்கமாட்டார், கேட்டால் அசிங்கம்.

இது தர்மத்துக்காக மட்டும் வந்த வழக்கம் இல்லை. ஆட்டுக்கு மக்காச்சோள மணி வயிறு முட்டக் கிடைத்தால் விஷம். கொஞ்சம் தின்றால் கொழுக்கும். கண்டமேனிக்குத் தின்றால் வயிற்றுக்குள்ளேயே புளித்து, மேலே தண்ணீரும் குடித்தால் உப்பிச் செத்துப்போகும். அதனால்தான் முதலில் பெண்கள், பிறகு ஆடு. கிடைக்காரர் யாராக இருந்தாலும் பிஞ்சைக்குள் கால் வைக்கும் முன்னால் கேட்கிற முதல் கேள்வி, "கதிர் பொறுக்கியாச்சா?" என்பதுதான். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இவருக்கும் நன்றாகத் தெரியும்.

பேச்சியும் அவள் புருசன் சுடலைமுத்துவும் திருவேங்கடம் பக்கத்திலிருந்து கிடை ஓட்டி வந்தார்கள். பேச்சிக்கு என் வயசுதான் இருக்கும். முதல் நாளே என்னிடம் ஒட்டிக்கொண்டாள். ஆடு மேய்க்கிறவர்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்று யார் சொன்னது? இவள் வாய் ஓயாது. ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர். "இவ மூளி, இவ சீமைக்காரி, அந்தா நிக்காள்லா, அவ எங்க மாமியாக் கணக்கா மொறைப்பா, அதனால அவ பேரே மாமி" என்றாள்.

சொந்த வீடு கிடையாது அவர்களுக்கு. ஒற்றை மகளைத் திருவேங்கடத்தில் தங்கச்சி வீட்டில் விட்டுப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். "இந்தக் கெடை இருக்குறவரைக்கும் நான் எவ வீட்டு வாசல்லயும் போயி வேலைக்கு நிக்க வேண்டாம்க்கா" என்றாள். பெருமையாகச் சொன்னாள். அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

வந்த அன்றைக்குச் சாயங்காலம் அவள் பிஞ்சை ஓரத்தில் நின்று இவரிடம் கேட்டாள். நான் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் காதால் கேட்டேன்.

"அண்ணாச்சி, கதிர் பொறுக்கியாச்சா?"

"எல்லாம் பொறுக்கியாச்சு. தைரியமா விடுங்க."

அறுப்பு மெஷின் தட்டையைத் துண்டு துண்டாக நறுக்கிப் பரப்பியிருந்தது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுடலைமுத்து கம்பால் அங்கங்கே கிளறினார். ஒன்றிரண்டு கதிர் தட்டுப்பட்டது. ஒன்றிரண்டு எங்கேயும் கிடக்கத்தான் செய்யும். பிஞ்சைக்காரர் வாயால் சொன்ன பிறகு ஒரு மனுசன் எத்தனை இடத்தில் கிளறிப் பார்ப்பான்?

போனில் கேட்ட கேள்வி

மறுநாள் காலையில் ஆட்டைத் தட்டைக்குள் விட்டார்கள். ஆடுகள் தலையை நிமிர்த்தவே இல்லை. "என்ன இன்னைக்கி இப்படித் திங்குதுக?" என்று பேச்சியே சிரித்தாளாம். மத்தியானம் குளத்தில் தண்ணீர் காட்டினார்கள்.

சாயங்காலம் நான் போனபோது மந்தை மந்தையாக இல்லை. ஒன்று சுருண்டு படுத்திருந்தது, ஒன்று கால் பின்ன நடந்தது. வயிறு எல்லாவற்றுக்கும் பொருமியிருந்தது. சுடலைமுத்து டாக்டருக்குப் போன் போட்டார்.

"என்ன மேஞ்சுது?" என்று டாக்டர் கேட்டது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மக்காச்சோளத் தட்டை சார்."

"கதிர் கெடந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

சுடலைமுத்து இவரைத் திரும்பிப் பார்த்தார். இவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, ஆபீசில் பேசுகிற குரலில் சொன்னார்: "நான் லேண்ட் ஓனர் பேசுதேன் டாக்டர். கதிரெல்லாம் சுத்தமாப் பொறுக்கியாச்சு. வெறும் தட்டைதான்."

அந்த ஒரு பதில்தான் அந்த மந்தையைக் கொன்றது. நான் மறைத்துச் சொல்லப்போவதில்லை. தட்டைதான் என்றால் ஆடுகளுக்கு வருகிற துள்ளுமாரி நோயாக இருக்கும் என்று டாக்டர் நினைத்தார். ஒரு மாத்திரை சொன்னார், தண்ணீர் நிறைய காட்டச் சொன்னார், விடிந்ததும் வருவதாகச் சொன்னார். சோளம் என்று தெரிந்திருந்தால் அவர் சொல்லியிருக்கக்கூடியது நேர் எதிர். பேச்சி தண்ணீர் காட்டினாள். தன் கையாலேயே குடம் குடமாகக் கொண்டுவந்து காட்டினாள்.

விடிந்ததும் வந்த டாக்டர்தான் வயிற்றைக் கீறிப் பார்த்தார்.

வெள்ளத்தாயி சொன்னது

"நான் கேட்டேம்லா?" என்று பேச்சி கேட்டபோது ரோட்டோரம் கூட்டம் சேர்ந்திருந்தது. அதில் வெள்ளத்தாயி என்று ஒருத்தி, களைவெட்டுக்கு ஆள் கூட்டிவருகிறவள், பொறுக்க வருகிறவளும் அவள்தான். அவள் முன்னால் வந்தாள்.

"எங்க பொறுக்க விட்டாக? நாங்க சாக்கத் தூக்கிட்டு வந்தோம், இந்தா இந்த வரப்புலயே நிறுத்தி வெரட்டி விட்டாகளே" என்றாள்.

நான் இவர் பக்கம் திரும்பினேன். "பொறுக்க விட்டீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"நீ வீட்டுக்குப் போ கோமதி."

"போறேன். மொதல்ல நீங்க பதில் சொல்லுங்க."

அப்புறம் சொன்னார். தட்டையில் என்ன சத்து இருக்கிறது? வெறும் தட்டை தின்கிற ஆட்டின் புழுக்கையில் என்ன உரம் இருக்கும்? மணி தின்றால் புழுக்கை கனமாக விழும். மாட்டுக்கு அடர்தீவனம் வைத்தால் சாணத்தில் சத்து கூடும் என்று வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். பொறுக்குகிறவர்கள் கொண்டுபோகிற சோளம் ஆட்டு வயிற்று வழியாகத் திரும்ப நம் மண்ணுக்கே வரட்டுமே என்று நினைத்தாராம். "கொஞ்சந்தான் கெடக்கும்னு நெனச்சேன். ஆட்டுக்கும் நல்லதுதானேன்னு" என்றார்.

"அப்ப பொறுக்கலைன்னு சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?" என்றார் சுடலைமுத்து.

"சொன்னா நீங்க உள்ள விடமாட்டீங்களே."

இதைச் சாதாரணமாகச் சொன்னார். பஸ் வராது என்று சொல்கிற மாதிரி சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் போனில் ஏன் மறைத்தார் என்று கேட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியாகிவிட்டதாம், எல்லார் முன்னாலும் எப்படி மாற்றிச் சொல்வது என்றார். இத்தனை வருசம் இவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், சாம்பாரில் உப்பு குறைந்ததற்கெல்லாம் இவர் சத்தம் போட்டிருக்கிறார். அன்றைக்கு வந்த வெறுப்பு எனக்கு வேறு எதற்கும் வந்ததில்லை.

இம்புட்டு ஆப்பமா?

டாக்டர் எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உயிரோடு இருக்கிற ஆடுகளுக்காவது வயிற்றுப் புளிப்பை முறிக்கச் சோடா உப்பு கரைத்து ஊற்ற வேண்டும், தண்ணீரை உடனே நிறுத்துங்கள் என்றார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பனவடலிசத்திரத்துக்கு ஓடினேன். ஒவ்வொரு பலசரக்குக் கடையாக ஏறி, இருந்த ஆப்பச் சோடாவையெல்லாம் வழித்துத் துடைத்து வாங்கினேன்.

"என்னக்கா, வீட்டுல விசேசமா? இம்புட்டு ஆப்பமா?" என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். அவர் பாவம், அவருக்கு என்ன தெரியும். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தோம். பேச்சி வாயைப் பிளந்து பிடிப்பாள், நான் ஊற்றுவேன். "குடிட்டி, குடிட்டி என் ராசாத்தி" என்று ஒவ்வொன்றிடமும் கெஞ்சினாள். சீமைக்காரி எழுந்து நின்றாள். மாமி எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்த சினையாடு உச்சிவேளைக்குச் செத்தது. கடைசியில் நின்றவை ஒரு கிடை என்று சொல்லிக்கொள்ளப் போதாது. அவற்றிலும் பாதிக்குக் குட்டி தங்கவில்லை.

அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். தூற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் பாட்டிலைக் கழுவி என் கையில் கொடுத்தாள். "ஒங்கள ஒண்ணுஞ் சொல்லலக்கா" என்றாள்.

நல்ல மனசு

செத்த ஆடுகளை எங்கே போடுவது? டாக்டர் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார். சுடலைமுத்து புறம்போக்கு நிலத்துக்கு வண்டி பிடிக்கப் பார்த்தார். இவர் தடுத்தார். "வேண்டாம் வே, நம்ம பிஞ்சையிலயே பொதைச்சுக்கிடலாம். ஜேசிபிய நான் வரச் சொல்லுதேன்" என்றார்.

ஊரில் அதற்குத்தான் பேச்சு வந்தது. யார் விடுவார்கள், சொந்த நிலத்தில் செத்ததைப் புதைக்க? நல்ல மனுசன், தப்பு நடந்துபோச்சு, ஆனாலும் மனசு நல்ல மனசு என்றார்கள். சுடலைமுத்துவே கையெடுத்துக் கும்பிட்டார். நானும்கூட ஒரு நிமிசம் மனசு இளகினேன்.

ஜேசிபி வந்து நின்றதும் டிரைவர் எங்கே தோண்ட என்று கேட்டான். நான் வண்டிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன், இவர் கவனிக்கவில்லை.

"மேக்கு மூலையில தோண்டு. அங்கனதான் பயிரு மஞ்சப் பூக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று வேளை சமைக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்டார். நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

மேலுரம்

சுடலைமுத்து பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டார். மிஞ்சிய ஆடுகள் சந்தைக்குப் போயின. மகளின் படிப்பை நிறுத்தவில்லை, அதுவரைக்கும் ஆறுதல். பேச்சி வெள்ளத்தாயியின் தெருவிலேயே ஒரு சின்னக் குச்சில் வீட்டில் குடியேறி, அவள் கூட்டத்தோடு கூலிக்குப் போக ஆரம்பித்தாள். எந்த வாசலிலும் போய் நிற்க வேண்டாம் என்றவள்.

அடுத்த பருவத்தில் மழை தவறவில்லை. மறுபடியும் மக்காச்சோளம்தான் போட்டோம். மேற்கு மூலை கருகருவென்று எழும்பியது. மற்ற இடத்தில் முழங்கால் உயரம் இருக்கும்போது அங்கே இடுப்புக்கு மேல் நின்றது. இவர் அதன் நடுவில் நின்று போட்டோ எடுத்து விவசாயக் குழுவில் போட்டார். 'இயற்கை உரத்தின் பலன்' என்று கீழே எழுதியிருந்தார். கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "ஆட்டு உரம்" என்று பதில் போட்டார்.

வளர்ந்து நிற்கிற பயிருக்கு மேலுரம் வைக்க ஆள் சொல்லியிருந்தோம். வெள்ளத்தாயி கூட்டிவந்த பெண்களில் பேச்சியும் இருந்தாள். அவளை நான் எதிர்பார்க்கவில்லை. இடுப்பில் யூரியாப் பெட்டியை வைத்துக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, மற்றவர்களோடு பயிர் வரிசைச் சாலில் இறங்கினாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சிரித்துப் பேசுகிற பேச்சி இல்லை அது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒவ்வொரு செடியாகத் தூரில் ஒரு பிடி வைத்துக்கொண்டே போனார்கள். மேற்கு மூலை வந்ததும் பேச்சி நின்றாள். இவர் வரப்பிலிருந்து கையைக் காட்டிச் சத்தம் கொடுத்தார்.

"ஏட்டி, அங்கன வைக்க வேண்டாம். அங்கன போதும்போதும்னு கெடக்கு."

பேச்சி இவர் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவே இல்லை.

"தெரியும் அண்ணாச்சி. அங்கன போட வேண்டியதெல்லாம் நான் போன வருசமே போட்டுட்டேன்."

பெண்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது வரும் என்று பார்த்தேன்.

"சரி சரி, நிக்காம அடுத்த சாலுக்குப் போ" என்றார்.